காலியான இடம்

நுரையீரலில் புற்றுநோய் கண்டு ஆபரேஷன் செய்துகொண்டவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகும் உறவினர்கள், நோயாளியின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசிவிட்டு, மெள்ளக் கட்டிலுக்கு அடியில் கண்ணை ஓட்டுவார்கள். அங்கே ஒரு புட்டி இருக்கும்; இந்தக் காலத்தில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டி. நோயாளியின் விலாவிலிருந்து ஒரு குழாய் இறங்கி அதற்குள் போகும். மேலே தொங்குகிற புட்டி எல்லோருக்கும் பழக்கமானது. குளுக்கோஸ் ஏறுகிறது, ரத்தம் ஏறுகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். கீழே இருக்கிற புட்டிதான் வயிற்றைக் கலக்குகிறது. அதில் சிவப்பாக ஏதோ சேர்ந்திருக்கிறது. தண்ணீர் மேலும் கீழும் ஆடுகிறது. இருமினால் குமிழி வருகிறது. "இன்னுமா வடிகிறது?" என்று வராந்தாவில் வந்து ரகசியமாகக் கேட்டுக்கொள்வார்கள்.

வடிந்தால்தான் பிழைப்பு. வடியாமல் உள்ளே தங்கினால்தான் ஆபத்து. தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டால் நர்ஸ் ஓடி வருவாள். இவ்வளவு சாதாரணமாகத் தெரிகிற இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் 2,000 வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. அதில் பாதி, வைத்தியர்களே நோயாளிகளைக் கொன்ற சரித்திரம். அறியாமல்தான் கொன்றார்கள், ஆனால் கொன்றார்கள்.

முதலில் உடம்பின் சூட்சுமத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நுரையீரலுக்குத் தானாக விரிகிற சக்தி கிடையாது. அது ரப்பரைப் போன்ற ஒரு வஸ்து. விட்டால் சுருங்கிக்கொள்ளத்தான் பார்க்கும். அதை விரித்தபடி பிடித்து வைத்திருப்பது மார்புச் சுவர். ஆனால் நுரையீரலைச் சுவரோடு ஆணி வைத்து அடித்திருக்கவில்லை, நரம்பினால் கட்டியிருக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய ஈரம், அவ்வளவுதான். அடுக்களையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு வைத்த எவர்சில்வர் டம்ளர்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, இழுத்தால் வராமல் பிராணனை வாங்குகின்றன அல்லவா? அந்த மாதிரி ஒட்டு இது. டம்ளருக்கு நடுவில் எப்படியோ கொஞ்சம் காற்றுப் புகுந்துவிட்டால் சட்டென்று கழன்றுகொள்ளும். மார்பில் ஓட்டை விழுந்தாலும் அதேதான். வெளிக்காற்று புஸ்ஸென்று உள்ளே போகும். நுரையீரல் சுவரை விட்டுக் கழன்று, ஒரு முஷ்டி அளவுக்குச் சுருண்டுவிடும்.

ஆகையால் மார்புக்குள்ளிருந்து ஒன்றை வெளியே எடுப்பது கத்தியின் வேலை மட்டும் இல்லை. எடுக்கப் போன வழியாகக் காற்று உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக் கதவைத் திறந்து ஒருவரை வெளியே அனுப்ப வேண்டும், அந்தச் சமயத்தில் வாசலில் காத்திருக்கிற திருடன் உள்ளே வந்துவிடக் கூடாது. இந்தச் சங்கடம்தான் கதை முழுவதும்.

பழைய கிரேக்க வைத்தியர்கள் மார்பில் கோத்துக்கொண்ட சீழை வெளியேற்றினார்கள். ஹிப்பாக்ரடீஸின் பெயரால் வழங்கும் நூல்களில் அந்த முறை விவரமாக இருக்கிறது. நோயாளியை உட்கார வைத்துத் தோளைப் பிடித்துக் குலுக்குவார்களாம். எந்தப் பக்கம் சளப்சளப்பென்று சத்தம் கேட்கிறது என்று காதை வைத்துக் கவனிப்பார்களாம். மார்பில் ஈரக் களிமண்ணைப் பூசி, எந்த இடத்தில் முதலில் காய்கிறதோ அங்கேதான் உஷ்ணம் அதிகம், அங்கேதான் சீழ் இருக்கிறது என்று முடிவு கட்டுவதும் உண்டு. எக்ஸ்ரே இல்லாத காலத்தில் இது எவ்வளவு அழகான யுக்தி! பிறகு விலா எலும்புகளுக்கு நடுவே கீறி, சீழைக் கொஞ்சம் வடிய விட்டு, துணித்திரியால் அடைத்துவிடுவார்கள். மறு நாள் திரும்பவும் கொஞ்சம். சில நாள் கழித்து உலோகக் குழாய் ஒன்றைச் செருகுவார்கள். ஒரேயடியாக எல்லாவற்றையும் வடிய விட்டால் ஆள் இறந்துவிடுவான் என்ற எச்சரிக்கையும் அந்த நூல்களில் இருக்கிறது. ஏன் இறக்கிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இறக்கிறான் என்பதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த ஒரு வரியை இன்னும் கொஞ்சம் யோசித்துப் படித்திருந்தால் எத்தனையோ உயிர் மிஞ்சியிருக்கும்.

படிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும்கூட மார்பைத் திறந்து சீழ் எடுப்பது அநேகமாகக் கொலைக்குச் சமானமாகத்தான் இருந்தது. பாரிஸில் துப்யூத்ரென் என்று பெரிய ரண சிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தார். ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். 1835ஆம் வருஷம் அவருக்கே மார்பில் நீர் கோத்துச் சீழ் வைத்துவிட்டது. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, வைத்தியர் கையால் சாவதைவிடக் கடவுள் கையால் சாவது மேல் என்று சொல்லிவிட்டதாக ஒரு வரலாறு உண்டு. ஆபரேஷன் இல்லாமலே கண்ணை மூடினார். தன் கையால் பிறருக்குச் செய்து பார்த்தவர், தனக்கு வேண்டாம் என்றார் என்றால் அந்தச் சிகிச்சையின் லட்சணத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1870களில் இருவர், ஒருவர் லண்டனிலும் மற்றவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலும், ஏறக்குறைய ஒரே சமயத்தில் தண்ணீரைத் துணைக்கு அழைத்தார்கள். லண்டன்காரர் ப்ளேஃபேர், பிரசவ வைத்தியர். ஹாம்பர்க்கில் இருந்தவர் கோட்ஹார்ட் ப்யூலாவ். பிரசித்தமானது ப்யூலாவின் பெயர்தான். ஜெர்மனியில் இன்றைக்கும் இந்த முறைக்கு அவர் பெயரையே சொல்கிறார்கள். அவர் செய்தது இவ்வளவுதான்: மார்பைப் பெரிதாகக் கீறாமல் ஊசித் துளையாகத் துளைத்து, அதன் வழியே இறுக்கமாக ஒரு ரப்பர்க் குழாயைச் செருகினார். குழாயின் மறு நுனியைத் தரையில் இருந்த புட்டியில், மருந்து நீருக்கு அடியில் அமிழ்த்தி வைத்தார்.

நோயாளி மூச்சை வெளியே விடும்போதும் இருமும்போதும் உள்ளே இருக்கிற காற்றும் சீழும் குழாய் வழியே இறங்கி நீருக்குள் போய்விடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது? காற்று திரும்பி வர வேண்டுமானால் நீரைத் தாண்டி வர வேண்டும், வர முடியாது. வெளிக்காற்றுக்குப் பதில் நீர்தான் குழாயில் கொஞ்சம் ஏறும். ஏறினது மறுபடி இறங்கும். நீர் என்பது இங்கே ஒரு கதவு. வெளியே மட்டும் திறக்கும், உள்ளே திறக்காது. கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, துரு ஏறாது, விலையும் இல்லை. சரித்திரத்தில் இவ்வளவு மலிவான கதவை வேறு யாரும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ப்யூலாவ் அவசரக்காரர் இல்லை. 1875இல் கையாளத் தொடங்கிய முறையை 1891இல்தான் விரிவாக எழுதி வெளியிட்டார். அதற்குள் ரண சிகிச்சைக்காரர்கள் விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, ஜன்னல் மாதிரித் திறந்து, சீழைக் கொட்ட விடுவதே சிலாக்கியம் என்று தீர்மானித்துவிட்டார்கள். அதில் காரியம் நடந்த மாதிரித் தெரியும். ஒரு ரப்பர்க் குழாயைச் செருகிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வீரமாகவா தெரியும்?

மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருண்டுவிடுகிறதே என்ற கவலைக்கு வேறொரு திசையிலும் வழி தேடினார்கள். 1904இல் பிரெஸ்லாவ் நகரில் சாவர்புருக் என்ற இளைஞர் ஓர் அறையே கட்டினார். காற்றழுத்தம் குறைந்த அறை. நோயாளியின் உடம்பும், ஆபரேஷன் செய்கிறவர்களும் அறைக்குள்ளே. நோயாளியின் தலை மட்டும் கழுத்தோடு வெளியே! தலைக்குச் சாதாரணக் காற்று, மார்புக்கு அழுத்தம் குறைந்த காற்று. மார்பைத் திறந்தாலும் நுரையீரல் சுருங்காது. சர்க்கஸ் கூடாரத்தில் காட்ட வேண்டிய வித்தை போல இருந்தாலும் வேலை செய்தது. பிற்பாடு மூச்சுக்குழலுக்குள் குழாயை விட்டு மயக்க மருந்தையும் காற்றையும் உள்ளே செலுத்தக் கற்றுக்கொண்டதும் இந்த அறைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

ஆபரேஷன் மேஜையில் நோயாளி பிழைத்துக்கொள்ள வழி பிறந்துவிட்டது. மேஜையிலிருந்து கட்டிலுக்கு வந்த பிறகு பிழைக்கத்தான் வழி தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுக்க ஒரு மகாயுத்தமும் ஒரு கொள்ளை நோயும் வர வேண்டியிருந்தது.

1917ஆம் வருஷம் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கி, கிராமத்துப் பையன்களை ஆயிரக்கணக்கில் முகாம்களில் கொண்டுவந்து அடைத்தது. அந்தக் குளிர்காலத்தில் தட்டம்மை பரவியது. பின்னாலேயே இன்ஃப்ளூயன்ஸா வந்தது. அம்மை இறங்கினவனுக்கு நிமோனியா. நிமோனியாவோடு மார்பில் நீர் கோத்தது. துப்பாக்கியைத் தொடாமலே பையன்கள் மடிந்தார்கள். முகாம் ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் பாடப் புத்தகப்படி விலா எலும்பை வெட்டித் திறந்து வடிய விட்டார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் சராசரியாக நூற்றுக்கு 30 பேர் இறந்தார்கள். சில முகாம்களில் இதைவிட மிகவும் அதிகம்.

ராணுவ வைத்தியத் தலைமை இதை ஆராய ஒரு குழுவை நியமித்தது. வர்ஜீனியாவில் இருந்த லீ முகாமில் வேலை செய்தது அந்தக் குழு. அதில் இருந்தவர்களில் முக்கியமானவர் எவார்ட்ஸ் கிரஹாம். சிகாகோவில் ஒரு டாக்டருக்குப் பிள்ளையாகப் பிறந்தவர், வயது 35. ரண சிகிச்சையோடு ரசாயனமும் படித்திருந்தவர். அதனால்தானோ என்னவோ, எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். பெல் என்ற சகாவுடன் சேர்ந்து நாய்களை வைத்துச் சோதனை செய்தார்.

அதுவரை எல்லோரும் நம்பியிருந்தது என்ன? மார்பில் இரண்டு அறைகள். நடுவில் இதயத்தையும் பெரிய குழாய்களையும் தாங்கிய ஒரு சுவர். ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தப் பக்கத்து நுரையீரல் போகும். மறு பக்கம் பத்திரமாக இருக்கும். கிரஹாமின் சோதனையில் அந்தச் சுவர் சுவரே அல்ல என்று தெரிந்தது. அது திரைச்சீலை. ஒரு பக்கம் காற்று நுழைந்து அழுத்தினால் திரை மறு பக்கம் ஒதுங்கும். அந்தப் பக்கத்து நுரையீரலும் நசுங்கும். ஒரு ஜன்னலைத் திறந்தவன் உண்மையில் வீட்டின் இரண்டு அறைகளையும் திறந்துவிடுகிறான்.

நிமோனியாவில் கிடக்கிற பையன் ஏற்கெனவே அரை மூச்சில் இருக்கிறான். நோயின் ஆரம்பத்தில் மார்பில் இருப்பது தண்ணீராக இருக்கிற சீழ். நுரையீரல் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில் பெரிதாகத் திறந்தால் மிச்சமிருக்கிற அரை மூச்சும் போய்விடுகிறது. கொஞ்ச நாள் பொறுத்து, சீழ் கெட்டிப்பட்டு, நுரையீரலின் ஓரங்கள் சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகு திறந்தால் அவ்வளவு கெடுதி இல்லை. நோய் கொன்றது என்று எழுதப்பட்ட பையன்களில் பலரைக் கொன்றது அவசரம்.

குழு சொன்ன யோசனைகள் எளியவை. ஆரம்பத்தில் மார்பைத் திறக்காதே. ஊசியால் அவ்வப்போது நீரை உறிஞ்சி எடு. குழாய் வைத்தால் காற்றுப் புகாதபடி வை. உள்ளே உண்டாகிற காலி இடத்தைச் சுத்தம் செய்து, சீக்கிரம் மூடிக்கொள்ளச் செய். நோயாளிக்கு வயிறு நிறையச் சாப்பாடு போடு. கடைசி யோசனையை நம் பாட்டிமார்கள் குழு போடாமலே சொல்லியிருப்பார்கள். ஆனால் முதல் இரண்டையும் சொல்ல கிரஹாம் வேண்டியிருந்தது. யோசனையை அனுசரித்த இடங்களில் மரணம் நூற்றுக்கு 5க்கும் கீழே இறங்கிவிட்டது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. பென்சிலின் வருவதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருந்தது. கத்தியைக் கொஞ்சம் கீழே வைத்தார்கள், அவ்வளவே.

இந்தப் பாடம் நுரையீரலை அறுத்தெடுக்கிறவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நுரையீரலில் ஒரு பாகத்தை எடுத்தால் அந்த இடம் காலியாகிறது. காலி இடத்தில் ரத்தம் கசிந்து நிற்கும், வெட்டின இடத்திலிருந்து காற்று ஒழுகும், இரண்டும் சேர்ந்து மிச்ச நுரையீரலை அமுக்கும், பிறகு சீழ் வைக்கும். 1920களின் தொடக்கத்தில் நல்ல கைகளிலேயே பத்தில் நாலு பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 1929இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஹரால்ட் பிரன் 6 பேருக்கு இந்த ஆபரேஷன் செய்து, 5 பேர் பிழைத்ததாக எழுதினார். அவருடைய ரகசியம் கத்தியில் இல்லை. மார்பை இறுக்கித் தைத்து மூடி, விலாவில் ஒரு குழாயை வைத்து, உள்ளே இருந்த காற்றையும் நீரையும் உடனுக்குடன் உறிஞ்சி எடுத்தார். மிச்ச நுரையீரல் விரிந்து, காலி இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டது. வீட்டில் ஒரு பிள்ளை வேலைக்கு என்று வெளியூர் போனால், மற்றப் பிள்ளைகள் பாயைக் கொஞ்சம் அகலமாக விரித்துப் படுத்துக்கொள்வதைப் போல.

சரி, ஒரு பக்கத்து நுரையீரல் முழுவதையும் எடுத்துவிட்டால்? விரிந்து நிரப்ப அங்கே யாருமே இல்லையே!

1933ஆம் வருஷம் கிரஹாம் செயின்ட் லூயிஸ் நகரில் பார்ன்ஸ் ஆஸ்பத்திரியில் தலைமை ரண சிகிச்சை நிபுணர். அவரிடம் பிட்ஸ்பர்க்கிலிருந்து ஜேம்ஸ் கில்மோர் என்ற டாக்டர் வந்தார். பிரசவ வைத்தியர், வயது 48. இடது நுரையீரலில் புற்றுநோய். அதுவரை புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுவதும் ஒரே தடவையில் எடுத்து ஆள் பிழைத்தது கிடையாது. கில்மோர் யோசித்துச் சொல்வதாக ஊருக்குத் திரும்பினார். அங்கே இரண்டு காரியம் செய்தார் என்று சொல்வார்கள்: பல் டாக்டரிடம் போய்ச் சொத்தைப் பற்களை அடைத்துக்கொண்டார், கல்லறைத் தோட்டத்தில் தனக்கு ஒரு இடமும் வாங்கினார். இரண்டில் எது வீண் செலவு என்று தெரியாத நிலைமை. மனுஷர் இரண்டுக்கும் பணம் கட்டிவிட்டு வந்து படுத்தார்.

ஏப்ரல் 5ஆம் தேதி ஆபரேஷன். ஒரு பாகத்தை மட்டும் எடுப்பதாகத்தான் உத்தேசம். திறந்து பார்த்தால், நோய் மேலேறி, முழு நுரையீரலையும் எடுத்தால் ஒழியப் பயன் இல்லை என்கிற இடத்தில் இருந்தது. கில்மோரின் நண்பரான டாக்டர் ஒருவர் கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிரஹாம் முழுவதையும் எடுத்தார்.

எடுத்தாயிற்று. இப்போது அவர் முன்னால் இருந்தது அந்தக் காலியான இடம். லீ முகாமில் காலி இடம் என்ன செய்யும் என்று கண்டவர் அவர். அதை அப்படியே விட்டுவிட்டு மூட அவருக்குத் துணிவு வரவில்லை. ஆகையால் விலா எலும்புகளில் ஏழைக் கழற்றி எடுத்தார். எலும்பு இல்லாத சுவர் உள்ளே சரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது கணக்கு. அப்படியும் சீழ் கோத்துக்கொண்டது. இன்னும் எலும்பு எடுக்க வேண்டி மறுபடியும் மேஜையில் ஏற்றினார்கள். கில்மோர் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேற இரண்டரை மாதம் ஆயிற்று. ஒரு பக்கம் குழிந்த மார்போடு பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பிப் போய், பழையபடி பிரசவம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்!

எலும்பை எடுத்தது அவசியமே இல்லை என்று சில மாதங்களுக்குள் தெரிந்தது. அதே வருஷம் ஜூலையில் பால்டிமோரில் ரியன்ஹாஃப் என்பவர் எலும்பைத் தொடாமலே இந்த ஆபரேஷனைச் செய்தார். காலியான இடத்தைப் பற்றி மனிதன் பட்ட கவலையை உடம்பு படவில்லை. அங்கே மெள்ள நீர் ஊறுகிறது; கீழே இருக்கிற உதரவிதானம் மேலே ஏறிக்கொள்கிறது; விலா எலும்புகள் நெருங்குகின்றன; இதயத்தைத் தாங்கிய திரை இந்தப் பக்கமாக நகர்ந்து உட்காருகிறது. அதனால் ஒரு விசித்திரம்: நுரையீரலில் ஒரு பாகத்தை எடுத்தவருக்குக் குழாய் வைத்து எல்லாவற்றையும் வடிய விட வேண்டும், முழு நுரையீரலையும் எடுத்தவருக்கு அப்படி வடிய விடக் கூடாது. அவருக்குக் குழாயைக் கவ்வியால் மூடி வைத்து எப்போதாவது கொஞ்சம் திறப்பார்கள், அல்லது குழாயே வைக்க மாட்டார்கள். அங்கே உறிஞ்சும் யந்திரத்தை மாட்டிவிட்டால் திரை முழுவதும் இந்தப் பக்கம் இழுபட்டு, இதயமே இடம் மாறி, நிமிஷத்தில் காரியம் கெட்டுவிடும். ஒரே வார்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டில்கள். ஒன்றில் உயிர் காக்கிற காரியம் மற்றொன்றில் உயிரை வாங்கும்.

இதனால்தான் இந்த விஷயத்தில் ரண சிகிச்சை நிபுணரைவிட ராத்திரி டியூட்டி நர்ஸ் முக்கியமானவள் என்று நான் நினைக்கிறேன். புட்டியின் சட்டங்கள் சில. குழாயின் நுனி நீருக்குள் சுமார் 2 சென்டிமீட்டர் மூழ்கியிருக்க வேண்டும். மிக ஆழமாக இருந்தால் காற்று வெளியேறத் திணறும். நுனி நீரை விட்டு வெளியே வந்தால் கதவு திறந்துகொண்ட மாதிரி. புட்டி மார்புக்கு வெகு கீழே, கூடியவரை 3 அடி தாழ்வாக இருக்க வேண்டும். யாராவது வீடு பெருக்க வந்தவர்கள் இடைஞ்சலாக இருக்கிறதே என்று புட்டியைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தால், புட்டித் தண்ணீர் மார்புக்குள் போய்விடும். புட்டி நிறைய நிறைய நீர்மட்டம் ஏறி, காற்று வெளியேறுவது கஷ்டமாகும். ஆகவே வடிந்ததைச் சேர்க்க ஒரு புட்டி, நீர்க் கதவுக்கு ஒரு புட்டி, உறிஞ்சும் வேகத்தை அளவோடு வைக்க ஒரு புட்டி என்று மூன்று வைத்தார்கள். குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்று பால் கறக்கிற மாதிரிக் குழாயை உருவி விடுவது வெகு காலம் வழக்கமாக இருந்தது; அப்படி உருவினால் உள்ளே அளவுக்கு மீறி இழுப்பு உண்டாகிறது என்று கண்டு பிற்பாடு அதைக் குறைத்துக்கொண்டார்கள்.

நீர் மூச்சோடு ஏறி இறங்கினால் வழி திறந்திருக்கிறது. குமிழி வந்தால் காற்று இன்னும் ஒழுகுகிறது. நீர் நின்றுவிட்டால் இரண்டில் ஒன்று: நுரையீரல் நன்றாக விரிந்து இடத்தை நிரப்பிவிட்டது, அல்லது குழாய் அடைத்துவிட்டது. முதலாவது சுப சமாசாரம், இரண்டாவது விபரீதம். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பாதி ராத்திரியில் கையில் விளக்கோடு வந்து எது என்று தீர்மானிக்கிறவளுக்கு எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் பெயர் இல்லை.

கிரஹாமின் கதையில் பாக்கி ஒன்று இருக்கிறது. அவர் ஓயாமல் சிகரெட் பிடிக்கிறவர். சிகரெட் விற்பனை ஏறுகிறது, நுரையீரல் புற்றுநோயும் ஏறுகிறது என்று ஆக்ஸ்னர் என்ற டாக்டர் சொன்னபோது, நைலான் காலுறை விற்பனையும்தான் ஏறுகிறது என்று கேலி செய்தவர். ஆனால் அளந்து பார்க்கிற குணம் அவரை விடவில்லை. விண்டர் என்ற மாணவர் இதை ஆராய வேண்டும் என்று வந்தபோது அனுமதி கொடுத்தார், கூடவும் சேர்ந்துகொண்டார். நுரையீரல் புற்றுநோய் கண்ட 684 பேரைப் பற்றி அவர்கள் இருவரும் 1950இல் வெளியிட்ட ஆராய்ச்சி, சிகரெட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. கிரஹாம் புகைப்பதை நிறுத்தினார். அரை நூற்றாண்டுப் பழக்கம்; நிறுத்தினதற்குள் வேளை தப்பிவிட்டது. 1957ஆம் வருஷத் தொடக்கத்தில் சாதாரண ஜுரம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நுரையீரலிலும் புற்றுநோய். எடுக்க வழி இல்லை. தன் நிலைமையைத் தெரிவித்து அவர் கடிதம் எழுதியவர்களில் அந்த ஆக்ஸ்னரும் ஒருவர்.

கில்மோர் அவரைப் பார்க்க வந்தார். ஒரே நுரையீரலோடு 24 வருஷமாக உயிரோடு இருக்கிறவர், இரண்டு நுரையீரலோடு செத்துக்கொண்டிருக்கிற தம் வைத்தியரைப் பார்க்க வந்தார். நான் இதைக் கதையாக எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினால் ஆசிரியர் ஜோடனை அதிகம் என்று திருப்பி அனுப்பியிருப்பார். மார்ச் 4ஆம் தேதி கிரஹாம் காலமானார். கில்மோர் அதற்குப் பிறகும் இருந்தார், 1963 வரைக்கும். கல்லறைத் தோட்டத்தில் வாங்கின இடம் 30 வருஷம் காலியாகவே கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1960களில் ஹைம்லிக் என்ற அமெரிக்க டாக்டர், நீருக்குப் பதிலாக ஒரு தட்டை ரப்பர்க் குழலை வைத்துச் சின்ன அடைப்பானாகச் செய்தார்; ஊதினால் விரிந்து வழி விடும், உறிஞ்சினால் ஒட்டிக்கொள்ளும். புட்டியைச் சுமந்துகொண்டு ஓட முடியாத வியட்நாம் யுத்த களத்தில் அது எத்தனையோ சிப்பாய்களுக்கு உதவியது. 1967இல் மூன்று புட்டிகளையும் ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூன்று அறைகளாக அடக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிப் புட்டிகள் மெள்ள மெள்ள வார்டை விட்டுப் போயின. இந்த நூற்றாண்டில், நிமிஷத்துக்கு எத்தனை மில்லி காற்று ஒழுகுகிறது என்று எண்ணாகவே எழுதிக் காட்டுகிற யந்திரங்கள் வந்திருக்கின்றன. தோளில் மாட்டிக்கொண்டு நோயாளி வராந்தாவில் நடக்கலாம்.

ஆனாலும் பழைய வாதம் தீர்ந்தபாடில்லை. யந்திரத்தால் உறிஞ்சுவதா, நீர்க் கதவை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருப்பதா என்று ஆராய்ந்து பார்த்தவர்களில் பலர், சும்மா இருந்தாலே காற்று ஒழுகுவது பல சமயம் சீக்கிரம் நிற்கிறது என்று கண்டிருக்கிறார்கள். குழாயை எப்போது எடுப்பது என்பதிலும் பயம் குறைந்து வருகிறது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு 200 மில்லிக்குக் கீழே வடிந்தால்தான் எடுப்பார்கள். காற்று ஒழுகாமல் இருந்தால் 450 மில்லி வடியும்போதே எடுத்துவிடலாம் என்று 2008இல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி சொல்லிற்று. ஒரு நாள் முன்னதாக எடுத்தால் நோயாளிக்கு ஒரு நாள் வலி மிச்சம். குழாய் விலா நரம்பை உராய்ந்துகொண்டு இருக்கிறது அல்லவா? அது இருக்கிற வரையில் ஆழ்ந்து மூச்சு விடவும் இருமவும் மனிதன் பயப்படுவான். இருமாவிட்டால் சளி கட்டும். சளி கட்டினால் மறுபடி நிமோனியா.

எடுக்கிற காரியம் அரை நிமிஷம். டாக்டர் தையலை வெட்டிவிட்டு நோயாளியை மூச்சை இழுத்து அடக்கிக்கொள்ளச் சொல்வார். அந்த ஒரு வினாடி மார்பில் ஓட்டை திறந்திருக்கும். அந்த வினாடியில் அவர் மூச்சை உள்ளே இழுத்துவிடக் கூடாது. டாக்டர் ஒரே இழுப்பில் குழாயை உருவ, நர்ஸ் துளைமேல் பஞ்சை அமுக்கிப் பிடிக்க, தையலை முடிச்சுப் போடுவார்கள். அப்புறம் மூச்சு விடலாம் என்று சொல்வார்கள். சாயங்காலம் ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். மறு நாள் பார்க்க வருகிற உறவினர்கள் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால், அங்கே செருப்பு மட்டும் இருக்கும்.